கூட்டைக் கலைக்கக் கூடாது

குளவி கொட்டினால் வலிக்க வேண்டும். அது ஊரறிந்த விஷயம். கொட்டின இடத்தில் தணலை வைத்து அழுத்தியதுபோல எரியும். எப்பேர்ப்பட்ட ஆளும் துள்ளிக் குதிப்பான். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். சுண்ணாம்பு எங்கே, சுண்ணாம்பு எங்கே என்று வீடு இரண்டுபடும். சென்னியம்மாளுக்கு அன்றைக்கு அப்படி ஒன்றுமே ஆகவில்லை.

மாசி மாதத்து உச்சிப் பொழுது. வீட்டின் ஆசாரத்தில், முன்கூடத்துத் தூணோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் களத்துமேட்டைப் பொரித்துக்கொண்டிருந்தது. கரண்டு மோட்டார் வந்த வருஷம் அது. கிணற்றுப் பக்கமிருந்து அதன் உறுமல் ஒரே சீராகக் கேட்டபடி இருந்தது. அந்த உறுமலுக்கு உள்ளேயே இன்னொரு மெல்லிய ரீங்காரமும் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. இடது கைச் சுண்டுவிரலில் ஏதோ உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கறுப்புக் குளவி. நூல்போல இடுப்பு, மஞ்சள் கால். அது வாலை வளைத்து விரலின் கணுவில் பொறுமையாக ஊன்றியிருந்தது. பிறகு எடுத்தது. முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அவசரமே இல்லாமல் பறந்து, விட்டத்துக்குப் போயிற்று.

விரலைப் புளியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ கிள்ளியதுபோல இருந்தது.

மாமியார் பொன்னாத்தாள் தவிட்டுக் கூடையோடு உள்ளே வந்தவள், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னாச்சு அம்மிணி? ஏன் பேயறைஞ்சாப்பல உக்காந்திருக்கற?"

"குளவி கொட்டிருச்சுங்க அத்தை. ஆனா வலிக்கவே இல்லீங்க. மரத்துப் போயிருக்குது."

"குளவியா? நம்மூட்டுலயா?" பொன்னாத்தாள் கூடையை அப்படியே கீழே போட்டாள். தவிடு தரையெல்லாம் சிந்தியது. நெற்றியில் கையை வைத்து மறைத்தபடி விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே, உத்தரமும் சுவரும் சேரும் மூலையில், ஒரு சாண் நீளத்துக்கு ஈரமண் ஒட்டியிருந்தது. அந்த முரட்டு மனுஷியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. "கட்டிருச்சு! மாசமா இருக்கறவ ஊட்டுலதான் சாமி குளவி கூடு கட்டும். எட்டு வருசமா நான் இந்த மூலையைத்தான் பாத்துட்டிருந்தேன். கூட்ட மட்டும் ஆரும் கலைக்கப்படாது. ஒட்டடை அடிக்கறேன், தூசி தட்டறேன்னு ஆராச்சும் வெளக்கமாத்தத் தூக்குனீங்க, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

எட்டு வருஷம் என்பது சும்மா இல்லை. இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தோடு கலைந்துபோன வயிறு அது. கோயில் கோயிலாக ஏறியாயிற்று; மண்சோறு சாப்பிட்டாயிற்று. புருஷன் தீர்த்தகிரிக்கு இன்னொரு பெண்ணைப் பார்க்கலாமே என்று சொந்தபந்தம் வாய்விட்டே பேசிப் பார்த்தாயிற்று. அவன்தான் அசையவில்லை. இப்போது நான்காம் மாதம். இந்தப் பிள்ளை மட்டும் நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர சென்னியம்மாளுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. அதனால் மரத்துப்போன விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவளும் மாமியாரோடு சேர்ந்து சிரித்தாள்.

நான்கு நாள் கழித்துத்தான் அந்தத் தப்பு நடந்தது. சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்தாள். முறத்துக்குப் பின்னால் இன்னொரு கூடு இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பாதி பெயர்ந்து முறத்தோடு வந்துவிட்டது. உடைந்த மண்ணறைக்குள் சிலந்திகள். ஏழெட்டு இருக்கும்; காலை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடைத்து வைத்திருந்தது. செத்தவை என்றுதான் நினைத்தாள். மேலே கிடந்த ஒன்றின் கால் மெதுவாக நீண்டது. மறுபடி மடங்கியது. அதன் வயிற்றில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அவளுக்கு உதிரம் பட்டது.

அம்மம்மா, அந்த ராத்திரியை அவள் எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. காலுக்கடியில் தலையணையை அடுக்கிக்கொண்டு, பொன்னிமலைத் திசையையும் திருச்செங்கோட்டு மலைத் திசையையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டபடி, இனிமேல் ஒரு கூட்டையும் தொடமாட்டேன், தொடமாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தாள். விடியும்போது நின்றிருந்தது. அன்றோடு மாமியாரின் நம்பிக்கை இவளுடையதாகவும் ஆகிவிட்டது.

உடைந்த கூட்டைத் தூக்கியெறியப் பயம். காலியான பொடி டப்பாவில் போட்டு மூடிப் பரணில் ஒளித்து வைத்தாள். ஒளித்துவைத்தவள் கம்மென்று இருந்திருக்கலாம். தினமும் உச்சிப்பொழுதில், மாமியார் கண்ணயர்ந்த பிறகு, இறக்கித் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.

குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிக்கொள்ளும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் சின்ன வயதிலிருந்து அதைத்தான் நம்பியிருந்தாள். டப்பாவுக்குள் நடந்தது வேறு. புழு தின்றது. சிலந்தி தின்னக் கொடுத்தது. நாலாம் நாளும் நாற்றமில்லை. எட்டாம் நாளும் ஓர் எறும்பு வரவில்லை. செத்திருந்தால் நாறியிருக்குமே! ஊசிமுனையால் தொட்டால் காலை இழுத்துக்கொண்டது, வயிறு பாதிக்குமேல் போன பிறகும். வயிறுதான் முதலில் போயிற்று. நெஞ்சும் தலையும் கடைசி. தீனி கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொல்லாமல் கொட்டி வைத்திருக்கிறது என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. டப்பாவை மூடிக் கொல்லைப்புறத்தில் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தாள். மண்ணைத் தள்ளி மூடும்போதுதான் கவனித்தாள்: இடது கையில் மோதிரவிரலும் மரத்திருந்தது.

பங்குனியில் குதிகாலில் கொட்டியது. சித்திரையில் ஆடுசதையில். ஒவ்வொன்றும் உச்சிப்பொழுதில், ஒவ்வொன்றும் அவளைத்தான். தோட்டத்தில் களை வெட்ட ஆள் வந்தார்கள், பால்காரர் வந்தார், பந்துக்கள் வந்தார்கள். ஒருவரையும் ஒரு குளவியும் தொடவில்லை. அவை வாசல்வழியாக உள்ளே வரும், அவள் தலைக்குமேல் ஒருமுறை சுற்றும், விட்டத்துக்குப் போகும். வாய்க்கால் ஓரத்திலிருந்து ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து அப்பும். அப்பும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுவதுபோல ஒரு ரீங்காரம் கிளம்பும். கடிகாரத்துக்குப் பின்னால், அரிவாமணையின் கட்டைக்கடியில், பூட்டின் சாவித் துவாரத்துக்குள்ளே என்று கூடுகள் பெருகின. மழை கண்ணில் படாத அந்த மாதங்களில் வீடு முழுக்கப் பச்சைமண் வாசனை அடித்தது.

தீர்த்தகிரி கண்டுபிடித்தது வைகாசியில். தோட்டத்திலிருந்து வந்தவன் ஆசாரத்து வாசலிலேயே நின்றுவிட்டான். மெழுகுதரை மேல் சிவப்பாக ஒற்றைக்கால் தடங்கள். அடுப்படியிலிருந்து குதிர் வரைக்கும், குதிரிலிருந்து தொட்டி வரைக்கும். சென்னியம்மாள் பாட்டுக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"சென்னி. காலைத் தூக்கு பாக்கலாம்."

"ஏனுங்க மாமா?"

ஒரு விரல் நீளத்துக்கு வேலாமுள். குதிகாலில் ஏறி முறிந்து கிடந்தது. அவன் பல்லால் கடித்து இழுத்தான். அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு, எப்போது இழுக்கப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் முள்ளை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோதுதான் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தது.

நேரே போய் மாட்டுக்கொட்டகையிலிருந்து மூங்கில் கம்பை எடுத்து வந்தான். விட்டத்தை நோக்கி ஓங்கினான். பொன்னாத்தாள் பாய்ந்து வருவதற்குள் சென்னியம்மாளே அவன் கையில் தொங்கினாள்.

"வேண்டாங்க மாமா! என்னை அடிச்சுப் போட்டுட்டுப் பொறவு கலைங்க. ஒண்ணே ஒண்ணு கலைஞ்சதுக்கே எனக்கு உதிரம் பட்டுதுங்க. இது போச்சுன்னா நான் கெணத்துல உழுந்துருவேன்."

கம்பு கீழே இறங்கியது. அவன் அழுதுகொண்டே வெளியே போய் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துகொண்டான்.

ஆனியில் அவள் எழவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அவளுடையதாக இல்லை. உள்ளறையில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். பொன்னாத்தாள் அவளைத் தாங்கின தாங்கலைச் சொல்லி முடியாது. வெந்நீர் வைத்துத் துடைத்தாள், தலைசீவிப் பூ வைத்தாள், கம்மஞ்சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி ஊட்டினாள், ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. "நீ ஒண்ணுத்துக்கும் அசங்க வேண்டாம் சாமி. கம்முனு கெட. உனக்கும் சேத்து நான் நடக்கறேன்" என்றாள். அந்த அன்பு சென்னியம்மாளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

தீர்த்தகிரி நர்சம்மாவைக் கூட்டி வந்தான். இன்பமேரிக்குச் சேலம், கழுத்தில் ஜெபமாலை, கையில் தோல்பெட்டி, காலில் புழுதி. இரண்டு வருஷமாக இந்தப் பக்கத்துப் பட்டிகளுக்குப் பிரசவம் பார்க்கிறவள். அறைக்குள் வந்ததும் முதலில் மோட்டுவளையைத்தான் பார்த்தாள்.

"சேசு மரியே! என்னம்மா இது, இத்தனை கூடு?"

"அது இருக்கட்டுங்க நர்சம்மா. நல்லதுக்குத்தான் கட்டியிருக்குது" என்றாள் பொன்னாத்தாள்.

இன்பமேரி ஊசியை எடுத்துச் சென்னியம்மாளின் பாதத்தில் குத்தினாள். முழங்காலில் குத்தினாள். தொடையில் குத்தினாள். ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"பிள்ளை நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தீர்த்தகிரியை வாசலுக்குக் கூப்பிடாமல் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "நான் பாம்புக்கடி பார்த்திருக்கேன், தேள்கடி பார்த்திருக்கேன். பாம்பு இரைக்குக் கடிக்குது, இல்லேன்னா மிதிச்சிட்டாங்கன்னு கடிக்குது. தேள் பயந்து கொட்டுது. அந்த விஷமெல்லாம் ஒண்ணு ஆளை விரட்டப் பார்க்கும், இல்லேன்னா எடுக்கப் பார்க்கும். இது ஆளைக் கெடாம வச்சிருக்கப் பார்க்குது. எனக்குப் பயமா இருக்குங்க. இன்னைக்கே வண்டி கட்டுங்க. சேலம் கொண்டுபோயிடலாம்."

"கொழந்தை?" என்று கேட்டாள் சென்னியம்மாள்.

இன்பமேரி பொய் சொல்லத் தெரியாதவள். "முன்னாடியே எடுக்கணும்னுதான் டாக்டர் சொல்லுவார். எட்டு மாசம்கூட ஆகலை. பொழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா நீ இருப்பே."

பொன்னாத்தாள் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தீர்த்தகிரி, "நீ சொல்லு சென்னி. நீ சொல்றதுதான்" என்றான். மூவரும் அவளையே பார்த்தார்கள். மேலே ஒரு குளவி மண்ணை அப்பிக்கொண்டு ரீங்கரித்தது. விலாவுக்கடியில், வயிற்றில் உணர்ச்சி மிச்சமிருந்த ஒரு கையகல இடத்தில், உள்ளேயிருந்து ஏதோ மெத்தென்று முட்டியது. எட்டு வருஷம் காத்திருந்த முட்டல்.

"நான் வரலீங்க நர்சம்மா" என்றாள்.

இன்பமேரி பெட்டியை மூடினாள். "மனசு மாறினா ஆள் அனுப்பு. எப்போன்னாலும் வர்றேன்" என்றாள்.

மனசு மாறியது ஆடியில். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து தோட்டத்தைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தது. தென்னை மட்டைகள் விழுந்தபடி இருந்தன. சன்னல் கதவு அடித்து அடித்து ஒரு கீல் கழன்றுவிட்டது. அவள் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன. அந்தக் கையகல இடம் மட்டும் பாக்கி. சில நாளாக அங்கே முட்டல் இல்லை. வேறொன்று இருந்தது. சின்னச் சின்னதாக, சீராக, ஒரு பிடுங்கல். அவள் சாப்பிட்டால் நிற்கும். பசித்தால் தொடங்கும். பிள்ளை உதைப்பது எப்படி இருக்கும் என்று ஊரிலுள்ள பெண்களெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒருத்தியும் இப்படிச் சொல்லவில்லை.

பயம் வந்தது. இத்தனை மாதமாகப் பிள்ளைக்காகப் பயந்தவளுக்கு முதல் தடவையாகத் தனக்காகப் பயம் வந்தது. நான் சாகக் கூடாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

தீர்த்தகிரி தலைமாட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'மாமா, நர்சம்மாவக் கூப்புடுங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். பிடரியில் முடிக்கடியில் ஏதோ நகர்ந்தது. பொறுமையான ஆறு கால்கள்.

"மாமா, நர்..." என்றாள்.

நாக்கு அப்படியே படுத்துவிட்டது.

"என்ன சென்னி? என்ன வேணும்? தண்ணியா?"

அவள் அவனைப் பார்த்தாள். பார்க்க மட்டும் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்து பார்த்த பெண்களெல்லாம் அவளைப் புகழ்ந்தார்கள். மாசமான பொம்பளை இப்படி அடக்கமாக, ஒரு முனகல் இல்லாமல், அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காமல் கிடப்பதை எங்கே பார்க்க முடியும்? உடம்பில் மினுமினுப்பு ஏறியிருக்கிறது; மூஞ்சியில் தெய்வகளை வந்திருக்கிறது. பொன்னாத்தாள் பெருமையோடு ராத்திரிக்கு அவள் இமையைக் கையால் மூடிவிடுவாள். காலையில் கையால் திறந்துவிடுவாள். தீர்த்தகிரி மட்டும் ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே குனிந்து வெகுநேரம் பார்த்தான். கண்ணோரத்திலிருந்து காதுவரைக்கும் ஈரம் கோடு போட்டிருந்தது. "இவ என்னமோ சொல்றாம்மா" என்றான்.

"சந்தோசத்துல அழுவறா, வுடு" என்றாள் பொன்னாத்தாள்.

ஆவணி ஐந்தாம் தேதி விடிகாலையில் பனிக்குடம் உடைந்தது. தீர்த்தகிரி வண்டியைப் பூட்டி மாட்டை விரட்டிக்கொண்டு நர்சம்மாவைக் கூட்டிவரப் போனான். அவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி இல்லை. அலறல் இல்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் பொன்னாத்தாள் குனிந்து நிமிர்ந்தாள். ஈரமான ஏதோ ஒன்று வழுக்கி வரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பிள்ளையும் அழவில்லை.

"பையன்!" பொன்னாத்தாள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "ஏஞ்சாமி! ஏந்தங்கமே! ஆத்தாளாட்டவே கம்முனு இருக்கறான் பாரு!"

முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். நல்ல கனமான பிள்ளை. கறுகறுவென்று முடி. பெரிய கண்கள், சிமிட்டவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் சென்னியம்மாளின் நெஞ்சு விம்மியது. எல்லாப் பயத்தையும் தாண்டி, ஐயோ என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளே ஒரு குரல் கூவியது. மார்பில் பால் கட்டிச் சேலை நனைந்தது.

இன்பமேரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தாயின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். "நெஞ்சு கெட்டியா இருக்கு" என்று தீர்த்தகிரியிடம் சொன்னாள். பிறகு பிள்ளையின் வாயைத் துடைக்கச் சுண்டுவிரலை உள்ளே விட்டாள். விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள். விரல்நுனியைப் பார்த்தாள். அங்கே சிவப்பாக ஒரு பொட்டு. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னுங்க நர்சம்மா?"

"ஒண்ணுமில்லை. இந்தக் குலுக்கல் வண்டியில இவளை ஏத்த முடியாது. ரோட்டுக்குப் போய் ஆஸ்பத்திரி வேனுக்குச் சொல்லி அனுப்புறேன். நீங்களும் வாங்க, வழி காட்டணும். மூணு மணிக்குள்ள வந்துடலாம்." பெட்டியைத் தூக்கினாள். பெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து மறுபடி தூக்கினாள். அந்தக் கையை உதறினாள், விரலைத் தேய்த்தாள், மறு கையால் கிள்ளிப் பார்த்தாள். வாசலுக்குப் போகும்வரை கிள்ளிக்கொண்டே போனாள்.

போகாதே. போகாதே நர்சம்மா. விரலைப் பார். திரும்பிப் பார்.

வண்டிச் சத்தம் தூரத்தில் கரைந்தது.

பொன்னாத்தாள் பிள்ளையைக் கட்டிலில் தாயின் கைமேல் தலைவைத்துப் படுக்கவிட்டாள். மருமகளின் முகத்தைப் பிள்ளைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "ஆசை தீரப் பாத்துட்டே இரு. பச்சை ஒடம்பு, இந்தக் காத்துப் படப்படாது. சன்னல அடைச்சுப் போட்டு வாரேன்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கீல் கழன்ற சன்னலுக்கு வெளியே சாக்கை விரித்தாள். மண் குழைத்து எடுத்து வந்தாள். ஒவ்வொரு கையாக அள்ளி, ஓரத்திலிருந்து அப்ப ஆரம்பித்தாள். அப்பும்போது சந்தோஷத்தில் வாய்க்குள்ளேயே ஏதோ பாடினாள். பாட்டில் வார்த்தை இல்லை.

அறையில் வெளிச்சம் சுருங்கியது.

பிள்ளை தலையைத் திருப்பியது.

பிறந்து மூன்று மணிநேரம். இவ்வளவு நன்றாகத் திருப்ப முடியுமா?

மார்பைத் தேடும் என்று நினைத்தாள். பால் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்பில், மூக்கை வைத்து உரசியது. வாயைத் திறந்தது.

ஒன்றும் தெரியவில்லை.

வலி இல்லை. சூடு இல்லை. தொடுகிறது என்பதுகூட இல்லை.

சத்தம் மட்டும்.

சின்னச் சத்தம். ஈரமான சத்தம். நின்றது. மறுபடி.

இல்லை. பசி. பிள்ளைக்குப் பசி. வாய் தவறிப்போயிற்று. பாலுக்குத் தவறிப்போயிற்று. வேறொன்றுமில்லை.

பிள்ளை முகத்தைத் தூக்கியது. உதடெல்லாம் சிவப்பு. கன்னமெல்லாம். அவளைப் பார்த்தது. பெரிய கண்கள். மென்றது. விழுங்கியது.

மறுபடி குனிந்தது.

மாமா.

நர்சம்மா.

அத்தை. அத்தை. அத்தை.

சன்னலில் ஒரு கை அளவுக்கு ஓட்டை பாக்கியிருந்தது. அதில் பொன்னாத்தாளின் ஒரு கண் தெரிந்தது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் பார்க்கிற கண். மருமகள் அசையாமல் கிடப்பதும், பேரனின் தலை அவள்மேல் கவிழ்ந்து ஆடிக்கொண்டிருப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

"பசியாறுதா ஏஞ்சாமி?" குரல் குழைந்தது. "குடி, குடி. எல்லாம் உனக்குத்தான்."

ஈரமண் வந்து ஓட்டையை மூடியது. ஒரு விரல் அதை அழுத்தி வழித்தது. இருட்டில் பிள்ளை கொஞ்சம் நகர்ந்து, வசதியாகப் படுத்துக்கொண்டு, மேலே தின்றது.